துப்பறியும் நாவலைத் தொலைத்தது யார்?

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்புரை ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து போடும் நாட்களும் தீர்ந்து, இனிமேல் தாராளமாகப் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், டிவி பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. ராத்திரியில தூக்கமும் வரமாட்டேங்குது. நல்ல துப்பறியும் நாவலா ஒரு நாலு சொல்லுங்க. குப்பையைச் சொல்லிடாதீங்க."

நாலு என்ன, பத்துப் பெயர் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை மடக்கியது.

"சரி சார், இதெல்லாம் எங்க கிடைக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழாசிரியனாக முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். புத்தகம் கேட்டு வந்த மனிதருக்கு வழி சொல்ல முடியவில்லை. ரோஷம் வந்துவிட்டது. "ஒரு வாரம் டைம் கொடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தேடக் கிளம்பினேன்.

முதலில் நம் கீரனூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஒரு காலத்தில் இங்கே கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, மாத நாவல்களைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். திருச்சி பஸ் வருவதற்குள் ஒன்றை உருவிக்கொண்டு ஏறலாம். இப்போது அந்தக் கயிற்றில் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. கேட்டதற்குக் கடைக்காரத் தம்பி, "அதெல்லாம் போட்டு ரொம்ப வருஷமாச்சு ஐயா" என்றார். அவர் மேல் தப்பில்லை. விற்பதைத்தானே அவர் தொங்கவிட முடியும்?

அடுத்து ஒரு நூலகம். எது என்று சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் நிலைமை ஒன்றுதான். பதிவேட்டில் நான் கேட்டதில் மூன்று இருந்தன. அலமாரியில் இருந்தது ஒன்றுதான். அதிலும் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. துப்பறியும் நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லாவிட்டால் அது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புகிற மாதிரி. தேடும்போது கையில் அகப்பட்ட வேறொரு நாவலில் கடைசிப் பக்கம் இருந்தது. ஆனால் முப்பதாம் பக்கத்திலேயே எவனோ ஒரு புண்ணியவான் நீல மையில் "கொன்றது தங்கச்சி புருஷன்" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தான். நூலகர் நல்ல மனிதர். "இதையெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க?" என்றார். கேட்டுக்கொண்டு ஒருத்தன் எதிரிலேயே நிற்கிறேன்; அது அவர் கணக்கில் வரவில்லை.

புதுக்கோட்டையில் இரண்டு கடை, திருச்சியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். சுஜாதா கிடைத்தார். ராஜேஷ்குமார் கொஞ்சம் கிடைத்தார். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், "ஆர்டர் போட்டு வாங்கித் தரலாம், இருந்தா" என்ற பதில்தான். அந்த 'இருந்தா'வில்தான் எல்லாம் இருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தைத்தான் இன்று எழுதுகிறேன். வாசக அன்பர்கள் சிலருக்குக் கசக்கலாம். பரவாயில்லை. கடைசியில் எனக்கும் பங்கு வைத்திருக்கிறேன்.

தமிழில் நல்ல துப்பறியும் நாவல் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்து முதலில் ஒன்று கேட்கிறேன். நம் மாவட்டத்தின் வரைபடம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் கீரனூரில் காம்பஸ் முள்ளை ஊன்றி, நூறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். வடக்கே ஸ்ரீரங்கம், சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்த ஊர். கிழக்கே வடுவூர், திகம்பர சாமியாரைப் படைத்த துரைசாமி ஐயங்கார் ஊர். தென்கிழக்கே பட்டுக்கோட்டை, பிரபாகர் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். தெற்கே தேவகோட்டை, சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் பிறந்த ஊர். வடகிழக்கே திருவிடைமருதூர், சாம்புவைத் தந்த தேவன் பிறந்த ஊர். ஐந்து பேரும் நம்மைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்த் துப்பறியும் கதையின் பாதிச் சரித்திரம் இந்த வட்டத்துக்குள் முடிந்துவிடும். நடு மையத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாகத்தில் தவிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறதா?

இது நேற்று முளைத்த காளானும் இல்லை. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சானது 1879-ல். பதினைந்தே வருஷம் கழித்து, 1894-ல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதை எழுதிவிட்டார். லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சேறியது 1887-ல். நாம் ஏழு வருஷம்தான் பிந்தி. அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியார் வந்தார், இங்கிலீஷ் கதைகளை நம் ஊர் வேட்டி கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வந்தார். வடுவூராரின் கதையை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'திகம்பர சாமியார்' என்று படமாகவே எடுத்தது; நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு வருவார். நம்மில் சிலர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம்தான்.

ஆக, எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினார்கள். நாமும் படித்தோம், கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு எங்கே போயிற்று?

இங்கேதான் மூன்று சாக்குகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாக்கு: "அதெல்லாம் இலக்கியம் இல்லை சார்." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், அதாவது பட்டம் வாங்கியவர்கள். சரி, இலக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தின் கழுத்து நரம்பு எது? ஒரு திருட்டு வழக்கு. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, விசாரிக்காமல், எதிர்த்தரப்பைக் கேட்காமல், அரசன் ஒருவனைக் கொல்லச் சொல்லிவிட்டான். பிறகு ஒரு பெண் வந்து சபையில் சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா? அதுதான் கேள்வி. அழுகையில் அவள் வழக்கை வெல்லவில்லை. தடயத்தை வைத்து வென்றாள். இது தடய விசாரணை இல்லாமல் வேறு என்ன? நம் பெருங்காப்பியமே ஒரு சரியான விசாரணை நடக்காததால் எரிந்துபோன ஊரின் கதை. மரியாதைராமன் கதைகளைப் பேரன்களுக்குச் சொல்கிறோமே, அவற்றில் பாதி துப்பறியும் கதைதானே? திண்ணையில் சொன்னால் நீதிக்கதை, மாதப் புத்தகத்தில் வந்தால் மட்டமா?

வங்காளிகளைப் பாருங்கள். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-ல் பியோம்கேஷ் பக்ஷியை எழுதினார். சத்யஜித் ராய் 1965-ல் ஃபெலூடாவை எழுதினார். உலகமே கொண்டாடிய டைரக்டர், சிறுவர் பத்திரிகைக்குத் துப்பறியும் கதை எழுதினார், வெட்கப்படவில்லை. தானே அதை 'சோனார் கேல்லா' என்று 1974-ல் படமாகவும் எடுத்தார். இன்றைக்கும் வங்காளத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே கதையைப் படிக்கிறார்கள். தொகுப்பு தொகுப்பாக, அழகாக அச்சாகிக் கிடைக்கிறது. அங்கே அது குடும்பச் சொத்து. இங்கே பழைய பேப்பர்.

இரண்டாம் சாக்கு: "எல்லாம் குப்பை சார், மாசத்துக்கு நாலு எழுதினா எப்படி நல்லா இருக்கும்?" இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ராஜேஷ்குமார் மட்டுமே 1500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். மாதம் பிறந்தால் புத்தகம் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற ஓட்டத்தில் எழுதியது அந்தத் தலைமுறை. 96 பக்கத்துக்குள் கதை முடிய வேண்டும் என்பதால், தொண்ணூறாம் பக்கத்தில் அவசர அவசரமாக வில்லன் தானே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுவான். துப்புக் கிடைக்காவிட்டால் லாக்கப்பில் நாலு அடி. உடனே உண்மை வந்துவிடும். அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாமல் அட்டையைக் கிழித்துவிட்டுக் கொண்டுபோனவர்கள் நம்மில் உண்டு. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேட்கிறேன்: நெல்லில் பதர் இருக்கிறது என்று எவனாவது களத்தையே கொளுத்துவானா? முறத்தை எடுத்துப் புடைப்பான். நாம் புடைக்கவில்லை. அதுதான் குற்றம். மற்ற நாட்டில் இதே மாதிரி மலை மலையாக எழுதித் தள்ளினார்கள். அமெரிக்காவில் 1946-லிருந்து மர்மக் கதைக்கென்றே எட்கர் ஆலன் போ பெயரில் பரிசு கொடுக்கிறார்கள். ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929-லேயே துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதி வைத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்ட வேண்டும். அந்தப் பாதிரியார் கோடம்பாக்கம் பக்கம் வந்திருந்தால் பாதிப் படம் எடுத்திருக்க முடியாது. விஷயம் என்னவென்றால், அவர்கள் சண்டை போட்டார்கள், பட்டியல் போட்டார்கள், இது நல்லது இது சொத்தை என்று எழுதி வைத்தார்கள். ஹோம்ஸ் கதை நாவல் 4, சிறுகதை 56 என்று சின்னப் பையனும் சொல்வான். நம் பரத்–சுசீலா எந்த நாவலில் முதலில் வந்தார்கள், சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எதிலிருந்து ஆரம்பம், விவேக்–ரூபலா வரிசை என்ன, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். மறுபதிப்பாக என் கைக்கு வந்த பலவற்றில் எந்தப் பத்திரிகையில் எந்த வருஷம் முதலில் வந்தது என்ற ஒரு வரிகூட இல்லை. வாசகர் எங்கே ஆரம்பிப்பது?

மூன்றாம் சாக்கு: "இப்ப பசங்க படிக்கிறதில்லை." இது எல்லாவற்றிலும் பெரிய பொய். பேரன் அறையில் எட்டிப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பெயின்காரன், கொரியாக்காரன் எடுத்த கொலைத் தொடரைக் கண் சிவக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மர்மம் வேண்டும். நம்மிடம் இருந்ததை நாம் கொடுக்கவில்லை, அவன் வெளியே வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

1988 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தமிழ்ப் புத்தகத்துக்குள் கிரைம் நாவலை வைத்துப் படிப்பான். மூன்று முறை பிடுங்கினேன். இரண்டைக் கிழித்தேன். மூன்றாவதைக் கிழிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரியில் நானே படித்தேன். நல்ல நாவல். திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில் வசூலித்த தேர்வுக் கட்டணம் காணாமல் போயிற்று. அந்த நாளில் அது என் சம்பளத்தில் பெரும் பங்கு. எனக்குக் கை கால் ஓடவில்லை. யார் என்று யோசித்தபோது யோசிக்கவே இல்லை; கொலை, கொள்ளை, திருட்டு என்று கண்ட புத்தகத்தையும் படிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறானே என்று நேராக அந்தப் பையனை எழுப்பிவிட்டேன். எழுந்து நின்றான். அழவில்லை. என்னை மூன்று கேள்வி கேட்டான்.

"சார், பணத்தைக் கடைசியா எண்ணினது யாரு? பீரோ சாவி யார்கிட்ட இருந்துச்சு? காணோம்னு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

அத்தனை பேர் முன்னால் ஓர் அறை விட்டேன். "கதைப் புஸ்தகம் படிச்சுட்டு என்னையே விசாரிக்கிறியாடா?" என்றேன்.

மூன்று கேள்விக்கும் பதில் நான்தான். கடைசியாக எண்ணியது நான். சாவி என்னிடம். இரண்டு நாள் கழித்து, மதிப்பெண் அட்டைக் கட்டுக்குள் நானே பத்திரமாகச் செருகி வைத்த கவர் கிடைத்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். வகுப்பில், "பணம் கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். "நீ எடுக்கவில்லை, நான்தான் மறந்தேன்" என்று சொல்லவில்லை. அதே வாரம் நான் கரும்பலகையில் எழுதி நடத்திய பாடம் சிலப்பதிகாரம், வழக்குரை காதை. பாண்டியனுக்காவது உயிரை விடும் அளவுக்கு மானம் இருந்தது.

அந்தப் பையன் அப்புறம் வகுப்புக்குப் புத்தகம் கொண்டுவரவே இல்லை. வருஷம் முடிந்து போய்விட்டான். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இப்போது அவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் தெருவில் நிறுத்தி வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு நாளும் எதிர்ப்படவில்லை.

அந்தக் கேள்விகளை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான் இல்லை. நான் கிழித்துப் போட்ட புத்தகங்கள். சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. முகத்தைப் பார்த்துக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது. கடைசிப் பக்கம் வரை பொறுத்திரு. எல்லோருக்கும் பிடிக்காதவன் பெரும்பாலும் நிரபராதி. இதைவிட ஒரு நல்ல துப்பறியும் நாவல் வேறென்ன சொல்லித்தர வேண்டும்? இன்றைக்கு வாட்ஸ்அப்பில் காலையில் ஒருவன் போட்டோ வருகிறது, "இவன்தான் குழந்தை கடத்துகிறவன், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று. நம் வயதுக்காரர்கள்தான் முதலில் அனுப்புகிறோம். சங்கர்லால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிப்பார். நமக்கு அந்த டீ குடிக்கும் நேரம்கூடப் பொறுமை இல்லை.

அதனால் தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. பதிப்பாளர் மட்டும் இல்லை, நூலகம் மட்டும் இல்லை, செல்போன் மட்டும் இல்லை. மறைத்துப் படித்து, வெளியே மட்டம் என்று பேசி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்ததைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்ட நாம்தான். மாத நாவல் மட்டமான காகிதத்தில், பின் அடித்து வந்தது. தானாகவே பழுத்து உதிரும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, யாராவது ஒருவர் இது வேண்டும் என்று நினைப்பது. நாம் நினைக்கவில்லை.

நினைத்தவர்கள் இருந்தார்கள், அதுவும் இதே வட்டத்துக்குள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் எல்லோரும் தூக்கி எறிந்ததைச் சேர்த்தார்; நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை உட்பட. 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி ஐயாவும் டோரதி அம்மாவும் ஆசிரியர் சம்பளத்தில் சேர்த்த ஞானாலயாவில் லட்சம் புத்தகத்துக்கு மேல். அவர்களும் நம்மைப் போலச் சம்பளக்காரர்கள்தான். அவர்கள் வாங்கி வைத்தார்கள், நாம் எடைக்குப் போட்டோம்.

திட்டியது போதும். மின்வாரிய நண்பருக்கு நான் கடைசியில் கொடுத்த சீட்டை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

சுஜாதாவை 'நைலான் கயிறு' முதல் ஆரம்பியுங்கள். 1968-ல் குமுதத்தில் வந்தது. கணேஷ் அறிமுகமாவது அதில்தான். வசந்த் பிறகுதான் வருவான். அப்புறம் 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கடைசி வரை உங்களை இழுத்துக்கொண்டு போகும். 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு பையன் கிராமத்துக்கு வருவான். நம் பக்கத்து ஊர் மாதிரியே இருக்கும். தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முழுக்கக் கோர்ட்டு. கொலை வழக்கு, ஜூரிகள், குறுக்கு விசாரணை. அவசரப்படாமல் படிக்க வேண்டியது. மனசு சரியில்லாத நாளுக்குத் 'துப்பறியும் சாம்பு'. மூளையே இல்லாமல் எல்லா வழக்கையும் ஜெயிக்கிற ஒரே துப்பறிவாளர். வடுவூராரின் சில நாவல்கள் இணையத்தில் விக்கிமூலத்தில் முழுசாக, இலவசமாக இருக்கின்றன. எழுதியவர் காலமாகி அறுபது வருஷமானால் உரிமை பொதுவுக்கு வந்துவிடுகிறது; அவர் 1942-ல் காலமானார். பேரனிடம் கொடுத்தால் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவான். நடை மெதுவாகப் போகும். கட்டை வண்டிப் பயணம் என்று நினைத்து ஏறுங்கள்.

பழைய புத்தகக் கடையில் பெயர் தெரியாத நாவல் அகப்பட்டால் என்ன செய்வது? அட்டையைப் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தையும் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தில் எல்லோரும் நன்றாக எழுதுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அங்கே யாராவது யாரையாவது உருப்படியாகக் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் வாங்கலாம். ஏற்கெனவே படித்தவரிடம் விசாரிப்பதானால், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் திரும்பப் படிச்சீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் அது நல்ல நாவல். எனக்கு இதைவிட நல்ல முறம் கிடைக்கவில்லை.

நம் ஊர் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பரணில் பைண்டு செய்த தொடர்கதை இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு போன் செய்யுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், ஞானாலயா மாதிரி இடத்துக்கு எது உதவுமோ அதைச் சேர்த்துவிடலாம். இரண்டாவது, நூலகத்துக்குப் போய் வேண்டிய புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், வேண்டுகோளை எழுதிக் கொடுங்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. துப்பறியும் நாவல் நீங்கலாக என்று அவர் எழுதவில்லை. மூன்றாவது, நீங்கள் படித்ததில் பத்து நல்ல நாவலின் பெயர், எழுதியவர், எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி எனக்குக் கொடுங்கள். பதரைத் தனியாக, நெல்லைத் தனியாக. வெட்கப்படாமல் எழுதுங்கள். கொலைகாரன் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

என் தாளில் முதல் பெயர், 1988-ல் ஒரு பையனிடம் பிடுங்கித் திருப்பிக் கொடுக்காத அந்த நாவல். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பக்கங்கள் பழுப்பேறிவிட்டன, ஆனால் கடைசிப் பக்கம் இருக்கிறது. அது அவருடைய புத்தகம். வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு வகுப்பில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.